பிரசவ அறையில் தனியாக: பெருந்தொற்றுக் காலமும் வட சென்னைப் பெண்களும்

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு, தனக்கு முந்தைய ஐந்து ஆண்டுப் பிரசவங்களைக் கணக்கிட்டு, அவற்றில் 99.6 சதவீதம் மருத்துவமனைகளில் நடந்ததாகச் சொல்கிறது. 2018-20 காலத்துக்கான அரசின் மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, உயிருடன் பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர் இறந்தார்கள். இந்த எண்களை மட்டும் பார்ப்பவர், கொரோனா வந்த ஆண்டுகளையும் மாநிலம் பெரிய சேதமில்லாமல் கடந்திருக்கும் என்று நினைக்கக்கூடும். அந்த ஆண்டுகளில் ராயபுரத்திலும் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் பிள்ளை பெற்றவர்கள் சொல்வது வேறு. பயணத்துக்கு வண்டி இல்லாதது, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பப்பட்டது, வலி கண்ட நேரத்தில் பக்கத்தில் யாரும் இல்லாதது, பிறந்த குழந்தையை உடனே பார்க்க முடியாதது ஆகியவையே அவர்கள் பேச்சில் முதலில் வருகின்றன.

இந்த இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. எண்கள் பொய்யல்ல. ஆனால் அவை பிரசவம் எங்கே நடந்தது என்பதை எண்ணுகின்றன. எப்படி நடந்தது என்பதை எண்ணுவதில்லை. பெருந்தொற்று தாக்கியது பெரும்பாலும் இந்த எண்ணப்படாத பகுதியைத்தான்.

பராமரிப்பின் இரண்டு பக்கங்கள்

தாய்க்கும் சேய்க்கும் தரப்படும் பராமரிப்பின் தரத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 2016இல் எட்டுத் தரநிலைகளை வெளியிட்டது. அவற்றில் ஒரு பகுதி மருத்துவச் செயல்களைப் பற்றியது: ரத்த அழுத்தம் பார்த்தல், ரத்தப்போக்கை நிறுத்துதல், சரியான நேரத்தில் மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், பதிவேடுகளைப் பேணுதல் போன்றவை. இன்னொரு பகுதி அந்தப் பெண் அதையெல்லாம் எப்படிக் கடந்து வருகிறாள் என்பதைப் பற்றியது. அவளுக்குப் புரியும்படி விஷயம் சொல்லப்படுகிறதா, மரியாதை குறையாமல் நடத்தப்படுகிறாளா, மனத்துணை இருக்கிறதா என்ற மூன்றும் மற்றவற்றுக்கு இணையான தரநிலைகளாகவே அங்கே வைக்கப்பட்டிருக்கின்றன.

உயிரைக் காப்பாற்றுவதுதானே முக்கியம், மரியாதையும் ஆறுதலும் அதற்குப் பிறகு வரட்டுமே என்று கேட்பவர்கள் உண்டு. பிரசவத்தில் இந்த வரிசை பொருந்தாது. கர்ப்பப்பை சுருங்கி விரிவதற்கு ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் தேவை. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் அதன் வேலையைத் தடுப்பதால் வலி நீள்கிறது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும்போது வரும் தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி ஆகியவற்றை எந்தக் கருவியும் முன்கூட்டிச் சொல்லாது. அந்தப் பெண்தான் சொல்ல வேண்டும். 'சும்மா கத்தாதே' என்று ஒருமுறை அதட்டப்பட்டவள் இரண்டாவது முறை வாய் திறக்கத் தயங்குவாள். அந்தத் தயக்கத்தில் கழியும் அரை மணி நேரம் வலிப்பு வருவதற்குப் போதுமானது.

மேலே செல்லும் முன், இக்கட்டுரைக்குத் தேவையான மூன்று சொற்களைத் தெளிவாக்கிக்கொள்ளலாம்.

1. பிரசவத் துணை: வலி தொடங்கியதிலிருந்து குழந்தை பிறந்து முடியும்வரை பெண்ணின் கட்டிலருகே இருக்கும், அவளே தேர்ந்தெடுத்த ஒருவர். நம் அரசு மருத்துவமனைகளில் இவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது வழக்கம். பெரும்பாலும் அம்மா, மாமியார், அக்கா அல்லது அண்ணி.

2. மேல்பரிந்துரை: தங்களால் கையாள முடியாத நிலையில் ஒரு மருத்துவமனை பெண்ணை அடுத்த நிலை மருத்துவமனைக்கு அனுப்புவது. 'பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாங்க' என்று மக்கள் சொல்வது இதைத்தான்.

3. உடன் வைத்தல்: பிறந்த குழந்தையைத் தாயின் படுக்கையிலேயே, அல்லது கை எட்டும் தூரத்தில் வைத்திருப்பது.

வட சென்னையில் ஒரு பெண் எங்கே பிள்ளை பெறுகிறாள்

மாநகராட்சியின் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களை வட சென்னை என்று கொள்ளலாம். இங்கே ஒரு பெண் கருவுற்றால், முதலில் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்துகொள்கிறாள். பிக்மி எண் என்று எல்லோரும் அழைக்கும் பதிவு எண் அப்போது கிடைக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் 18,000 ரூபாய்க்கும், பின்னாளில் குழந்தையின் பிறப்புச் சான்றிதழுக்கும் அந்த எண் வேண்டும். மாதாந்திரப் பரிசோதனைகளும் அங்கேயே. சிக்கல் இல்லாத பிரசவங்களை மாநகராட்சியின் சமுதாய சுகாதார நிலையங்கள் பார்க்கின்றன. சிக்கல் உள்ளவை ராயபுரத்தில் 1880 முதல் இயங்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனைக்கோ, பழைய வண்ணாரப்பேட்டையிலுள்ள ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்கோ, 1844இல் தொடங்கிய எழும்பூர் தாய்சேய் நல மருத்துவமனைக்கோ போகின்றன. வசதி உள்ளவர்கள் தனியார் மருத்துவமனைக்குப் போகிறார்கள். கடன் வாங்கிப் போகிறவர்களும் குறைவில்லை.

இந்த ஏணி வேலை செய்ய மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும். பக்கத்து சுகாதார நிலையத்துக்கு நடந்து போக முடிய வேண்டும். பெரிய மருத்துவமனைக்குப் போக ஆட்டோவோ ஷேர் ஆட்டோவோ 108 வண்டியோ கிடைக்க வேண்டும். வீட்டில் ஒரு பெண் வேலையை விட்டுவிட்டு உடன் போக வேண்டும். 2020இல் மூன்றும் ஒரே நேரத்தில் அறுந்தன.

மார்ச் 24 மாலை மாநிலத்தில் 144 தடை நடைமுறைக்கு வந்தது, அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. ஏப்ரலிலும் மே மாதத்திலும் மாநகரத்தின் தொற்று எண்ணிக்கையில் ராயபுரம் மண்டலம் முன்வரிசையில் இருந்தது. தெருக்கள் தகரத்தால் அடைக்கப்பட்டன, வீட்டுக் கதவுகளில் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டது. ஜூன் 19 முதல் 30 வரை சென்னையிலும் சுற்று மாவட்டப் பகுதிகளிலும் ஊரடங்கு மேலும் இறுக்கப்பட்டது. மாநகரப் பேருந்து செப்டம்பரில்தான் திரும்ப ஓடியது. கும்மிடிப்பூண்டி தடத்தின் மின்சார ரயிலில் அத்தியாவசியப் பணியில் இல்லாத சாதாரணப் பெண்கள் ஏறுவதற்கு நவம்பர் இறுதி ஆயிற்று. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் மீஞ்சூருக்கும் இடையே மகளும் தாயும் வாழும் குடும்பங்களுக்கு இது என்ன பொருள் தந்திருக்கும் என்பதை அந்தத் தடத்தில் பயணித்த எவரும் அறிவார்.

மூன்று தாமதங்கள்

தாய் இறப்புகளை ஆராய்பவர்கள் 1994 முதல் பயன்படுத்தி வரும் ஒரு சட்டகம் உண்டு. ஒரு பெண்ணின் உயிர் போவதற்கு நோய் மட்டும் காரணமாவதில்லை. மூன்று இடங்களில் நேரம் வீணாவதும் காரணம் என்பது அதன் சாரம். ஊரடங்கு இந்த மூன்றையும் தனித்தனியே நீட்டியது.

1. போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பதில் வந்த தாமதம். மருத்துவமனை என்றாலே தொற்று என்ற அச்சம் பரவியிருந்த காலம் அது. ஸ்டான்லி கொரோனா சிகிச்சை மையமாக இருந்ததால், அந்த வளாகத்தின் பக்கம் போவதற்கே மக்கள் அஞ்சினார்கள். பரிசோதனையில் தொற்று என்று வந்துவிட்டால் வீடு மட்டுமல்ல, தெருவே அடைக்கப்படும். அன்றாடக் கூலிக்குப் போகிற பக்கத்து வீட்டுக்காரரின் பிழைப்பும் நின்றுபோகும். தன்னால் தெருவுக்கு இந்த நிலை வந்துவிடக் கூடாது என்ற சங்கடத்தில் சளி, காய்ச்சலை மறைத்தவர்கள் உண்டு. கர்ப்பிணிகளும் விதிவிலக்கல்ல. இதை அறியாமை என்று ஒதுக்குவது அநியாயம். எதை இழக்க நேரிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து எடுத்த முடிவு அது.

2. போய்ச் சேருவதில் வந்த தாமதம். அவசர மருத்துவப் பயணத்துக்கு எப்போதும் அனுமதி இருந்தது. தடுப்பில் நிற்கும் காவலரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டினால் விடுவார்கள். ஆனால் வண்டி வேண்டுமே. ஆட்டோ ஓட்டுநர்கள் அபராதத்துக்கும் தொற்றுக்கும் அஞ்சி வண்டியை எடுக்கவில்லை. 108 வண்டிகள் கொரோனா நோயாளிகளையும் ஏற்றிக்கொண்டிருந்தன. மாதாந்திரப் பரிசோதனை அவசரம் அல்ல என்பதால் அதற்காகக் கிளம்பவே முடியவில்லை. இதுவே பெரிய சேதம். ரத்தசோகை, சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் சத்தமில்லாமல் வளர்பவை. அவற்றைப் பிடிப்பது அந்த மாதாந்திரப் பரிசோதனைதான். இரண்டு மாதம் தவறினால், மூன்றாவது முறை வரும்போதே அவசர நிலையில் வருகிறாள்.

3. மருத்துவமனைக்குள் வந்த பிறகு ஏற்பட்ட தாமதம். இதைத் தனியாகவே பார்க்க வேண்டும்.

பரிசோதனை முடிவு வரும்வரை

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஏப்ரல் 2020இல், கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளில் வசிக்கும் பெண்கள் வலி கண்டு வந்தாலோ, அடுத்த ஐந்து நாளில் பிரசவிக்க வாய்ப்பிருந்தாலோ, அறிகுறி இல்லாவிட்டாலும் அவர்களுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றது. பிரசவ வார்டில் கட்டில்கள் நெருக்கமாக இருக்கும். ஒருவரிடமிருந்து பத்துப் பேருக்குப் பரவலாம். பிரசவம் பார்க்கும் செவிலியரும் மருத்துவரும் தொற்றுக்கு ஆளானால் வார்டையே மூட வேண்டி வரும். ஆகவே இந்த விதிக்கு நியாயம் இருந்தது. மே 18 அன்று வெளியான நெறிமுறை, பரிசோதனை இல்லை என்ற காரணத்தால் பிரசவம் உட்பட எந்த அவசரச் சிகிச்சையும் தாமதப்படக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னது. தொற்று இருக்கிறதா இல்லையா என்பதைக் காரணம் காட்டி அத்தியாவசியத் தாய்சேய் சேவைகளை மறுக்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகமும் மே மாத இறுதியில் எழுதியது.

எழுத்தில் எல்லாம் சரியாகவே இருந்தது. நடைமுறை சிக்கியது முடிவுக்கும் வலிக்கும் இடையே உள்ள நேரத்தில். அன்றைய ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனையின் முடிவு வர ஒரு நாள், சில சமயம் அதற்கும் மேல். பிரசவ வலி அவ்வளவு நேரம் காத்திருக்காது. முடிவு வராத பெண் தொற்று உள்ளவளும் அல்ல, இல்லாதவளும் அல்ல என்ற நிலையில், அவளுக்கென்று தனி இடம் உள்ள மருத்துவமனை அவளைச் சேர்த்துக்கொண்டது. இடம் இல்லாத மருத்துவமனை எழுதிக் கொடுத்து அனுப்பியது. சிறிய தனியார் மருத்துவமனைகள் பல, தாங்கள் மாதக்கணக்கில் பார்த்துவந்த பெண்ணையே கடைசி வாரத்தில் அரசு மருத்துவமனைக்குப் போகச் சொன்னதற்கும் இதுவே காரணம். அவர்களுக்குத் தனி அறை இல்லை, கவச உடை இல்லை, ஓர் ஊழியருக்குத் தொற்று வந்தால் மருத்துவமனைக்குச் சீல் வைக்கப்படும் என்ற பயம் இருந்தது. காரணம் புரிகிறது. ஆனால் ஒன்பது மாத ரிப்போர்ட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு, தன்னை ஒருமுறைகூடப் பார்த்திராத மருத்துவரிடம் பனிக்குடம் உடைந்த நிலையில் போய் நிற்கும் பெண்ணுக்கு அந்தக் காரணத்தால் எந்தப் பயனும் இல்லை.

துணையில்லாத வலி

பெருந்தொற்றுக் கால விதிகளில் மிக அதிகம் பேரைப் பாதித்ததும், மிகக் குறைவாக விவாதிக்கப்பட்டதும் பிரசவத் துணையை உள்ளே விடாத விதியே என்று தோன்றுகிறது. தொற்று இருந்த பெண்கள் சிலர். துணை இல்லாமல் பிள்ளை பெற்ற பெண்கள் அவர்களைவிட மிகப் பலர்.

தமிழ்நாடு இந்த விஷயத்தில் நாட்டுக்கு முன்னோடி. அரசு மருத்துவமனைகளில் பிரசவத் துணையை அனுமதிக்கும் திட்டம் இங்கே 2004இலேயே தொடங்கியது. இந்திய அரசு பிரசவ அறைகளின் தரத்தை உயர்த்த லக்‌ஷ்யா திட்டத்தைக் கொண்டுவந்தது 2017இல். பிரசவத்தின்போது பெண் விரும்பும் துணை உடனிருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டுதலில் வலியுறுத்தியது 2018இல். பெருந்தொற்று தொடங்கிய பிறகும் அந்த நிறுவனம் இந்தப் பரிந்துரையைத் திரும்பப் பெறவில்லை. தொற்று உள்ள பெண்ணுக்கும் துணை உண்டு என்பதே அதன் நிலைப்பாடு.

துணைக்கு இத்தனை முக்கியத்துவம் ஏன்? 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்ட சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. பிரசவம் முழுக்க ஒருவர் உடனிருந்த பெண்களுக்குச் சுகப்பிரசவம் அதிகம், வலி நேரம் குறைவு, பிறந்த ஐந்தாவது நிமிடத்தில் சோர்ந்திருக்கும் குழந்தைகள் குறைவு, சிசேரியன் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைவு. இதே பலனைத் தரும் மாத்திரை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தால், பெருந்தொற்றிலும் அதை யாரும் நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

நம் அரசு மருத்துவமனைச் சூழலில் துணை செய்யும் வேலை ஆறுதலோடு முடிவதும் இல்லை. ஒரே செவிலியர் பல பெண்களைக் கவனிக்கும் வார்டில், இடுப்பை நீவிவிடுவது, தண்ணீர் கொடுப்பது, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப் போவது, நைட்டியை மாற்றுவது எல்லாம் துணைதான். பிள்ளை பெற்ற அனுபவம் உள்ள அம்மாவோ அத்தையோ பக்கத்தில் இருந்தால், போகும் ரத்தம் வழக்கத்தைவிட அதிகம் என்பதை முதலில் கவனிப்பதும் 'சிஸ்டர், கொஞ்சம் வந்து பாருங்க' என்று குரல் கொடுப்பதும் அவரே. அவரை வெளியே நிறுத்தியபோது இத்தனை வேலைகளும் ஆளில்லாமல் நின்றன. அவற்றைச் செய்ய ஆள் வேண்டியிருந்த நேரத்தில், இருந்த ஊழியர்களிலும் ஒரு பகுதி கொரோனா பணிக்கு மாற்றப்பட்டார்கள்.

வெளியே நின்றவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். கேட்டுக்கு வெளியே, நடைபாதையில், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் மாமியாரும் அம்மாவும் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். செல்போன் உள்ளே அனுமதிக்கப்படாத இடங்களில், பிள்ளை பிறந்த செய்தியே வெளியே வந்த ஊழியர் யாராவது சொன்னால்தான் தெரியும். ஊழியர்கள் காசு கேட்கும் பழைய வழக்கம் இந்த இருட்டில் வளர்வது எளிது. பார்க்க முடியாத உறவினர் எதையும் கேட்டுப் பெற முடியாத உறவினரும்தான்.

தடைக்குச் சொல்லப்பட்ட காரணம் இட நெருக்கடி. திரை மட்டுமே இடையில் இருக்கும் கட்டில்களில் பத்துப் பெண்கள் இருந்தால், பத்துத் துணைகள் சேரும்போது இருபது பேர். இது உண்மையான சிக்கல். தனி அறைகள் உள்ள மருத்துவமனைக்கு இந்தக் கேள்வியே எழாது. எனினும், துணை வருபவருக்கும் பெண்ணோடு சேர்த்தே பரிசோதனை செய்து, முகக்கவசம் கொடுத்து, பிரசவம் முடியும்வரை ஆள் மாறாமல் ஒரே நபரை வைத்துக்கொண்டால், ஆபத்து எவ்வளவு குறையும் என்று கணக்கிட்டுப் பார்த்திருக்க வேண்டும். இந்தப் பிரச்சினை ஏழை நாடுகளுக்கு மட்டும் உரியதும் அல்ல. நியூயார்க் நகரின் இரு பெரிய மருத்துவமனைக் குழுமங்கள் மார்ச் 2020இல் துணையை முழுவதுமாகத் தடை செய்தன, பெண்கள் எதிர்த்தார்கள், அம்மாத இறுதிக்குள் மாநில ஆளுநரின் உத்தரவு அந்தத் தடையை நீக்கியது. ஒரு வாரத்துக்குள் திருத்த முடிந்த விதி அது.

தாயிடமிருந்து பிரிக்கப்பட்ட குழந்தை

தொற்று உள்ள தாயிடமிருந்து குழந்தையை உடனே பிரிப்பதே பாதுகாப்பு என்று தொடக்கத்தில் பல நாடுகள் நினைத்தன. சீன மருத்துவர்கள் 14 நாள் பிரித்து வைக்கச் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் ஏப்ரல் 2020இல் பிரிக்கப் பரிந்துரைத்து, ஜூலையில் மாற்றிக்கொண்டது. கருவிலிருந்து குழந்தைக்குத் தொற்று பரவுவது அரிது என்பதும், தாய்ப்பால் வழியாகப் பரவுவதாகச் சான்று இல்லை என்பதும் அதற்குள் தெளிவாகியிருந்தன. முகக்கவசம் அணிந்து, கையைக் கழுவி, தாய் பாலூட்டலாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் தொடர்ந்து சொன்னது.

பிரிப்பதில் உள்ள ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை எடை குறைந்த குழந்தைகளின் கணக்கு காட்டியது. தாயின் நெஞ்சோடு தோல் படச் சேர்த்து வைக்கும் கங்காரு முறை எல்லாக் குழந்தைகளுக்கும் கிடைத்தால் உலகில் 1,25,000க்கும் மேற்பட்ட உயிர்கள் காப்பாற்றப்படும். அப்படிச் சேர்த்து வைப்பதால் கொரோனாவுக்கு ஆளாகி இறக்கக்கூடிய சிசுக்கள் 2,000க்கும் குறைவு என்று 2021இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

பிரிவுக்குப் பிறகு பால் கட்டிக்கொண்டு காய்ச்சலோடு கிடந்த தாய்க்கு, புட்டிப்பால் பழகிவிட்ட குழந்தையை மீண்டும் மார்புக்குப் பழக்குவது எளிதல்ல. வீட்டில் அதைச் சொல்லித்தரும் பாட்டியோ அம்மாவோ பக்கத்தில் இருந்தால் முடியும். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகும் வழக்கம், வளைகாப்பு என்ற விழாவைத் தாண்டி, பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. மாவட்ட எல்லையைக் கடக்க இ-பாஸ் வேண்டியிருந்த மாதங்களில் அந்த ஏற்பாடும் குலைந்தது. பத்தடி அறையில், வேலை இழந்த கணவரோடு, இரவெல்லாம் அழும் குழந்தையோடு இருந்த பெண்களின் மனச்சோர்வை அளக்க எவரும் வரவில்லை.

இரண்டாம் அலையின் வேறுபாடு

மேலே சொன்னதை வைத்து, அச்சமெல்லாம் மிகை என்று முடிவு கட்டுவது ஆபத்து. கர்ப்பிணிகளையும் பிரசவித்த பெண்களையும் பற்றி இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஜூன் 2021இல் வெளியிட்ட ஒப்பீட்டில், தொற்று கண்டவர்களில் இறந்தோர் விகிதம் முதல் அலையில் 0.7 சதவீதம், இரண்டாம் அலையில் 5.7 சதவீதம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் நுரையீரல் விரிய இடம் குறைவு. ஆக்சிஜன் தேவை அதிகம். டெல்டா வகை வைரஸ் அந்த இடத்தில்தான் அடித்தது. 2020இல் பெண்கள் வைரஸைவிட விதிகளால் அதிகம் துன்பப்பட்டார்கள் என்று சொல்ல முடியும். மே 2021ஐப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் நேர்ந்த பெருந்தவறு வேறு. தடுப்பூசித் திட்டம் ஜனவரி 2021இல் தொடங்கியும், கர்ப்பிணிகளுக்கு ஜூலை 2 அன்றுதான் அனுமதி கிடைத்தது. தடுப்பூசிச் சோதனைகளிலிருந்து கர்ப்பிணிகளை விலக்கிவைத்ததால் அவர்களுக்கான தரவு தாமதமாகவே சேர்ந்தது. அனுமதி வரும்போது இரண்டாம் அலையின் உச்சம் முடிந்திருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் 'கர்ப்பிணிகள் போட்டுக்கொள்ளக் கூடாது' என்று ஊன்றிய செய்தியை, அனுமதி வந்தபின் வீடு வீடாகப் போன செவிலியர்களால் எளிதில் மாற்ற முடியவில்லை.

ஊழியர்களின் பக்கம்

கவச உடைக்குள் வியர்த்து, மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து, வார்டை விட்டு வெளியே வர முடியாமல் பணி நேரம் முடியும்வரை தண்ணீர்கூடக் குடிக்காமல் பிரசவம் பார்த்தவர்கள் செவிலியர்கள். வீட்டுக்குப் போக முடியாமல் விடுதியில் தனிமைப்பட்டிருந்தவர்கள் பலர். அவர்களிலும் கர்ப்பிணிகள் இருந்தார்கள். முகமே தெரியாத உடைக்குள்ளிருந்து வரும் குரல், எவ்வளவு கனிவாகப் பேசினாலும், வலியில் இருப்பவளுக்கு அதட்டலாகவே கேட்கும். இதைச் செவிலியரின் குணக்குறை என்று பார்த்தால் தீர்வு கிடைக்காது. ஓர் ஊழியரிடம் எத்தனை கட்டில்கள் ஒப்படைக்கப்பட்டன என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

எண்களில் ஏன் இது தெரிவதில்லை

பாதிப்பு எண்களிலேயே தெரிந்த இடங்களும் உண்டு. நேபாளத்தின் ஒன்பது மருத்துவமனைகளில் நடந்த ஆய்வு 2020இலேயே அதைத் தெளிவாகக் காட்டியது. ஊரடங்கின்போது அங்கே மருத்துவமனைப் பிரசவங்கள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஆயிரம் பிரசவங்களுக்கு 14 ஆக இருந்த இறந்து பிறக்கும் குழந்தைகள் 21 ஆக உயர்ந்தன. 17 நாடுகளின் தரவுகளைத் தொகுத்த 2021ஆம் ஆண்டு ஆய்வும், பெருந்தொற்றில் தாய் இறப்பும் இறந்து பிறத்தலும் கூடின என்றும், வசதி குறைந்த நாடுகளில் அந்தச் சுமை அதிகம் என்றும் காட்டியது.

சென்னையில் பாதிப்பு வேறு உருவம் எடுத்தது. இங்கே வீட்டில் பிரசவம் பார்க்கும் மருத்துவச்சிகள் ஏறத்தாழ இல்லை. எவ்வளவு அஞ்சினாலும் கடைசியில் மருத்துவமனைக்குத்தான் போயாக வேண்டும். எனவே 'மருத்துவமனைப் பிரசவம்' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடுகிறது. மூன்று இடம் அலைந்து வந்தவளுக்கும் நேராக வந்தவளுக்கும் பதிவேட்டில் ஒரே டிக். சிசேரியன் கணக்கிலும் இதே மறைப்பு உண்டு. மாநிலத்தில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன் என்கிறது ஐந்தாவது குடும்பநல ஆய்வு. தனியாரில் அது 63.8. தொற்று மட்டுமே சிசேரியனுக்குக் காரணமாகாது என்று வழிகாட்டுதல்கள் சொல்லியிருந்தும், அந்த மாதங்களில் எத்தனை அறுவைச் சிகிச்சைகள் மருத்துவத் தேவைக்காக நடந்தன, எத்தனை காத்திருக்க இடமில்லாததால் நடந்தன என்பதை அந்தப் பெரிய எண்ணுக்குள்ளிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

அடுத்த தொற்றுக்கு முன் எழுதிவைக்க வேண்டியவை

1. பிரசவத் துணையை நிறுத்தும் அதிகாரம் வார்டு வாசலில் இருக்கக் கூடாது. நிறுத்தியாக வேண்டிய நிலை வந்தால், காரணமும் முடியும் தேதியும் குறிப்பிட்ட எழுத்து உத்தரவாக அது வர வேண்டும். துணைக்கான பரிசோதனைச் செலவையும் கவசத்தையும் மருத்துவமனை ஏற்க வேண்டும்.

2. மேல்பரிந்துரை செய்யும் மருத்துவமனை, போகிற இடத்தில் படுக்கை உண்டா என்று தொலைபேசியில் உறுதி செய்த பிறகே பெண்ணை அனுப்ப வேண்டும். தனியார் மருத்துவமனைகளுக்கும் இது பொருந்த வேண்டும். மாதக்கணக்கில் கட்டணம் வாங்கிப் பார்த்த பெண்ணைக் கடைசி வாரத்தில் கைவிடுவதற்குக் கணக்குக் கேட்கப்பட வேண்டும்.

3. அடைக்கப்பட்ட தெருக்களுக்குள் மாதாந்திரப் பரிசோதனை போக வேண்டும். 2020இல் மாநகராட்சி காய்ச்சல் முகாம்களைத் தெருத் தெருவாக நடத்தியது. அதே முகாமில் ரத்த அழுத்தக் கருவியும் ரத்தசோகை, சர்க்கரைப் பரிசோதனையும் இருந்தால் போதும், அந்தத் தெருவிலுள்ள கர்ப்பிணிகளின் பட்டியல் பிக்மி பதிவில் ஏற்கெனவே இருக்கிறது.

4. தாயையும் குழந்தையையும் பிரிப்பது, இருவரில் ஒருவருக்குத் தீவிரச் சிகிச்சை தேவைப்படும்போது மட்டும்.

5. பெண்ணிடம் கேட்க வேண்டும். 'உங்கள் அருகே யாராவது இருந்தார்களா', 'என்ன செய்யப்போகிறார்கள் என்று முன்பே சொன்னார்களா', 'குழந்தையை எவ்வளவு நேரம் கழித்துக் கையில் கொடுத்தார்கள்', 'முதலில் போன இடத்திலிருந்து வேறு இடத்துக்கு அனுப்பினார்களா' என்ற நான்கு கேள்விகள் போதும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில், பிரசவம் பார்த்தவர்கள் முன்னால் இதைக் கேட்டால் உண்மையான பதில் வராது. குழந்தையின் ஆறாவது வாரத் தடுப்பூசிக்கு அவள் தன் பகுதியின் சுகாதார நிலையத்துக்கு வருகிறாள். அங்கே, பிரசவத்தோடு தொடர்பில்லாத செவிலியர் கேட்டுப் பதிவு செய்து, மண்டல வாரியாக மாதந்தோறும் தொகுத்தால், அடுத்த ஊரடங்கின் முதல் மாதத்திலேயே எந்த விதி எங்கே பெண்களைப் பாதிக்கிறது என்பது மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும்.